ருக்ஷானாவுக்கு இரண்டு கல்லூரி

கள்ளக்குறிச்சி
9 ஜூன்

ருக்ஷானா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் இந்த வருடம் வெயில் ஜாஸ்தி என்று டிவியில் சொன்னார்கள். தலையில் துணி போடாமல் கிடங்குக்கு வெளியே நிற்காதீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் 'சரி வுடு, நான் பாத்துக்கறேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் நானே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் துணிக்கடையில் பில் எழுதிப் பழகிய கை.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. இறைச்சி கொடுக்க உங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே ருக்ஷானா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆயிற்றோ என்று பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எம்பிஏ படிக்க இரண்டு இடத்திலும் அவளுக்கு சீட் கிடைத்துவிட்டதாம்! ஒன்று சென்னையில், உங்கள் அக்கா மகன் பைசல் படித்த அதே பெரிய கல்லூரி. இன்னொன்று சேலம் ரோட்டில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். லைனிங் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தது வீண்போகவில்லை.

நான் சென்னை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கல்லூரியின் பேரைச் சொன்னால் போதும், கடைக்கு வருகிற டீச்சரம்மாக்கள் புருவத்தைத் தூக்குகிறார்கள். மற்றதைச் சொன்னால் 'அங்க எம்பிஏ கூடவா கீது?' என்று கேட்கிறார்கள். நம் கடையையே பாருங்கள். இரண்டும் ஒரே மில்லில் வந்த துணிதான். ஓரத்தில் கம்பெனி பேர் அச்சடித்திருந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். நம் பிள்ளைக்கும் அப்படி ஒரு பேர் வேண்டாமா?

செலவு பதினான்கு லட்சம் என்றதும் எனக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. அக்டோபரில் அங்கே தங்கும் அக்காமா அனுமதி முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதாக இருந்தீர்கள். இப்போது அதைப் புதுப்பித்து இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து கட்டிவிடுவதாகச் சொன்னீர்கள். நானும் சரி என்றுவிட்டேன். பதினெட்டு வருடம் போகவில்லையா, அதோடு இரண்டு.

ருக்ஷானாதான் இன்னும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தாயிற்று, இவள் முகத்தில் மட்டும் இனிப்பு இல்லை. நேற்று கடை பூட்டும்போது, 'ரெண்டு எடத்தையும் போய்ப் பாத்துட்டு சொல்றேம்மா. பாக்காம துணி கூட எடுக்க மாட்டியே நீ' என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த மாதமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பார்த்தாலும் சென்னைதான். நீங்கள் மேனேஜரிடம் பேசி வையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், எல்லாம் நல்லதாக முடியும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அஸ்ரப் நிஷா


கள்ளக்குறிச்சி
27 ஜூலை

ருக்ஷானா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவில்லை. உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் தியாகதுருகம் அஜித்குமார் லீவு முடிந்து திரும்புகிறார் அல்லவா, அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கூடவே அதிரசமும் மிளகாய்ப் பொடியும் இருக்கிறது. முதலில் அதிரசம் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள். கோபம் வந்தாலும் வாயில் இனிப்பு இருக்கட்டும்.

போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் 'பாத்துக்கினு கீறோம்' என்று மழுப்பிக்கொண்டே இருந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சென்னைக்குப் போனோம். பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு கல்லூரியை நான் பார்த்ததில்லை. வாசல் கண்ணாடியில் என் முக்காடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. வகுப்பு ஒவ்வொன்றும் சினிமா தியேட்டர் மாதிரி. நீள நடையில் வேலைக்கு ஆள் எடுத்த கம்பெனிகளின் பேரும் வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோவும் வரிசையாக மாட்டியிருந்தார்கள். நாம் டீயில் தொட்டுச் சாப்பிடுகிற பிஸ்கட்டின் கம்பெனியும் அதில் இருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் எங்களை உட்காரவைத்து, பேங்க் லோன் எப்படி வாங்குவது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அன்றைக்கே பணம் கட்டியிருப்பேன், ருக்ஷானாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் வரும்போது பெங்களூரில் இருக்கும் பைசலுக்கு அவள் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். 'நல்ல எடம்தான் மாமி. அந்தப் பேருதான் எனக்கு மொத வேலைய வாங்கிக் குடுத்துச்சி. ஆனா அந்த வேல எனக்குப் புடிக்கல. வேற வேலைக்கு ஆசயா போலாம்னா சம்பளம் கம்மி, லோன் எப்டி கட்றது? நாலு வருசமா அதுலயே குந்திகினு கீறேன்' என்றான். உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். எனக்கு அதைக் கேட்டு வருத்தம்தான். ஆனாலும் மனசு மாறவில்லை. நம் பிள்ளை லோன் வாங்கப் போவதில்லையே, அதுதான் நீங்கள் இருக்கிறீர்களே என்று அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'அத்தாதாம்மா அந்த லோனு' என்றாள்.

அடுத்த வாரம் சேலம் ரோட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். கொடுத்த வாக்குக்காகத்தான் போனேன். வெளியே சுண்ணாம்பு உரிந்த கட்டடம். ருக்ஷானா பேராசிரியரைப் பார்க்க மாடிக்குப் போய்விட்டாள். கீழே புங்க மரத்தடியில் ஒரு அம்மா சாக்கில் பெரிய பலாப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரத்தடியில் பழத்தோடு ஒருவரைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்குமா, 'பழம் எவ்ளோம்மா?' என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, 'விக்கிறதுக்கு இல்லம்மா. எம்பொண்ணு இங்க எம்பிஏ படிக்குது, அதுக்கு எடுத்தாந்தேன்' என்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதை ஒன்றும் பெரிதாக நினைக்காமல், நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

பேர் குஞ்சம்மாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். விடியும் முன்னே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். மகள் மலர்விழிக்குப் படிப்பு முடிகிற நேரம், அன்றைக்கு ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் ஆள் எடுக்கிற அறை வாசலில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். சென்னையில் மாட்டியிருந்தார்களே, அதே பிஸ்கட் கம்பெனி! நான் இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தேன்.

மத்தியானம் மலர்விழி வெளியே வந்தாள். நேராக அம்மா முன்னால் வந்து நின்றவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். குஞ்சம்மாள் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, 'போவுது வுடுடி, அவங்களுக்குக் குடுத்து வெக்கல. வா, பழம் தின்னு' என்று மகள் தலையைத் தடவினார். அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 'கெடச்சிட்சிம்மா! ஓசூருல வேல' என்றாள். குஞ்சம்மாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. 'ஓசூருல இருந்து மலைக்கு பஸ்ஸு கீதா?' என்றுதான் கேட்டார்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேண்டீனில் கத்தியும் எண்ணெயும் வாங்கி வந்து அந்த இடத்திலேயே பழத்தை அறுத்தார்கள். நானும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து சுளை எடுத்தேன். படிக்கிற பிள்ளைகள், பேராசிரியர்கள், வாட்ச்மேன், யாரையும் குஞ்சம்மாள் விடவில்லை. கம்பெனி அதிகாரிகள் காரில் ஏறப் போனபோது வழி மறித்துக் கையில் கொடுத்தார். ஒருவர் டையில் பலாப்பால் ஒட்டிக்கொண்டது, அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு சுளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேன் மாதிரி பழம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கு நான் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

ருக்ஷானா மட்டும் பழத்தோடு நிற்கவில்லை. மலர்விழியைத் தனியே அழைத்துப் போய் இங்கே என்ன குறை என்று கேட்டாள். அந்தப் பெண்ணும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தண்ணீர் தகராறு. சில வாத்தியார்கள் உயிரைக் கொடுத்து நடத்துவார்கள், சிலர் வந்து போவார்கள். சென்னைக்கு வருகிற அத்தனை கம்பெனியும் இங்கே வராது. இங்கிலீஷில் பேசப் பழக யாரும் ஊட்டிவிட மாட்டார்கள், பிள்ளைகளே கூடி உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். இதையெல்லாம் என்னிடம் ஒப்பித்துவிட்டு ருக்ஷானா, 'இதெல்லாம் என்னால முடியும்மா' என்றாள். சீட் கிடைத்த நாளிலிருந்து அவள் முகத்தில் வராத சிரிப்பு அப்போதுதான் வந்தது.

திரும்பும்போது சின்னசேலம் தாண்டியதும் நான்தான் சொன்னேன், 'இங்கியே சேந்துடுடி' என்று. அவள் பஸ் என்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் கையும் பலாப்பழப் பிசின், ஒட்டிக்கொண்டது.

ஆமாம், உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'பணத்தப் பத்தி உனுக்கு இன்னா கவல?' என்று போனை வைத்திருப்பீர்கள். கட்டணம் கட்டியாயிற்று. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டாது, விடுதிச் செலவு தனி. கடை வருமானமே தாங்கும்.

உங்கள் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்துகொண்டே இருந்தேன். சென்னை சென்னை என்று நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? சொன்னதும் அவர் கேலி செய்யவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, 'நல்ல வேல செஞ்ச நிஷா. பைசல் எங்கிட்ட சொல்றதில்ல, ஆனா அவன் கொரல வெச்சே எனக்குத் தெரியும்' என்றார். அவன் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது, காபி நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆகையால் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், அக்காமாவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று. வந்து என்ன செய்வது என்று யோசிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? நம் கடைக்கு அடுத்த கடை காலியாகிறது. கடைச் சொந்தக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். அதில் பிள்ளைகள் உடுப்புக் கடை போடலாம். கிடங்கில் சரக்கு பார்த்த ஆள், சரக்கும் கணக்கும் நீங்கள் பாருங்கள். வாடிக்கையாளரிடம் மட்டும் பேச வேண்டாம், அது என் வேலை. ருக்ஷானா படித்துவிட்டு வந்து நம் இரண்டு பேரையும் வேலை வாங்கட்டும்.

ஆகஸ்டில் அவள் விடுதிக்குப் போய்விடுவாள். வார லீவுக்கு வருகிறேன் என்கிறாள், வருவாள். மற்ற நாளில் வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்துப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். டிக்கெட் எடுத்ததும் முதலில் எனக்குச் சொல்லுங்கள், ருக்ஷானாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அஸ்ரப் நிஷா