படுத்த மரமும் நின்ற மரமும்

அண்ணாச்சி,

இன்று காலை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். மரக்கிடங்கில் தடி அறுக்கிற பழனி ஒரு சாக்கு மூட்டையைச் சுமந்து வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கினான். சாக்கை விலக்கியதும் பெட்ரோலும் ஆயிலும் கலந்து கருகிய வாடை அடித்தது. சங்கிலி ரம்பம் எல்லாவற்றுக்கும் ஒரே வாடைதான் என்பார்கள். பத்து வருஷமாக என் மிஷின், உங்கள் மிஷின் இரண்டையும் முகர்ந்த மூக்கு இது. உங்கள் மஞ்சள் மிஷின் என்பதைக் கண்ணால் பார்க்கும் முன்பே தெரிந்துகொண்டேன். பெட்ரோலில் ஆயிலை ஒரு கை கூடவே ஊற்றச் சொல்லி ஆட்களைப் பழக்கியிருந்தீர்கள் அல்லவா, அந்தக் கூடுதல் ஆயிலின் வாடை.

உங்கள் கடை மூடி ஏழு மாதம் ஆகிறது. பூட்டில் துரு ஏறிவிட்டது. இந்த மட்டாஞ்சேரி உப்புக் காற்றில் ஏழு மாதம் என்பது இரும்புக்கு ஏழு வருஷம். எதிரே உட்கார்ந்து தினமும் அந்தப் பூட்டைப் பார்க்கிறேன். வேறு பார்க்க என்ன இருக்கிறது? சுக்கு மூட்டை போகிறது, கொப்பரை மூட்டை போகிறது. யாரும் என்னை வையவில்லை.

ஒரு லாரி நுழைகிற அகலமே உள்ள பஜார் ரோட்டின் இந்தப் பக்கம் நான் சிவப்பு மிஷின் விற்றேன், அந்தப் பக்கம் நீங்கள் மஞ்சள் விற்றீர்கள். கம்பெனிப் பெயர் யார் வாயிலும் நுழையாது. கூப்பில், அதாவது மலைக்காட்டில் குத்தகைக்கு விட்ட இடத்தில், மரம் வெட்டுகிறவர்களுக்கு 'ராவுத்தர் சிவப்பு', 'அண்ணாச்சி மஞ்சள்', அவ்வளவுதான். என்னிடம் மூன்று மாடல். இரண்டு பேர் இரண்டு முனையில் பிடிக்கிற பெரியது, ஒற்றை ஆள் பிடிக்கிற நடுத்தரம், அதிலேயே பார் நீளம் கூடியது ஒன்று. பார் என்றால் சங்கிலி சுற்றி ஓடுகிற அந்த நீண்ட இரும்புத் தட்டு. என் மிஷினில் பல்சக்கரம் வைத்து ஓட்டம் குறைத்திருந்தது. மெதுவாக ஓடும், ஆனால் மருதோ தம்பகமோ எந்தக் கெட்டி மரத்தில் வைத்தாலும் நிற்காது. உங்களிடமும் மூன்று. மூன்றும் எடை குறைவு, மூன்றும் எஞ்சினிலிருந்து நேரே சங்கிலிக்கு ஓட்டம். வேகம் பறக்கும். பருத்த மரத்தில் அழுத்தினால் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

"ராவுத்தரே, உம்ம மிஷின தூக்க ஒரு ஆனையையும் சேத்துக் குடுப்பீரா?" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்கும்படி கத்துவீர்கள்.

"உங்க மிஷின் தேங்கா சீவத்தான் லாயக்கு அண்ணாச்சி. நல்ல சட்னிக்கு நான் சிபாரிசு பண்றேன்" என்பேன் நான்.

நாலு மணிக்கு சாயாக்காரர் வந்தால் உங்கள் குரல் மறுபடி கிளம்பும். "அவருக்கு ரெண்டு கிளாஸ் குடும்வே. காலைலேருந்து மிஷினத் தூக்கிக் காட்டிக் கை விட்டுப் போயிருக்கும்." விலை பேச வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதி வியாபாரம் முடிந்திருக்கிறது. உங்களுக்கும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மஞ்சள் என் சிவப்பைவிட மேல். அதை ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. உங்கள் மிஷினை எப்படிச் சாய்த்தாலும் எஞ்சின் ஓடும். என் நடுத்தர மாடல் பழைய வகை, அதனால்தான் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. அதில் எஞ்சின் நிமிர்ந்தே இருக்க வேண்டும், சாய்ந்தால் பெட்ரோல் ஏறாது. படுத்த மரத்தை மேலிருந்து கீழே அறுக்கும்போது தொல்லை இல்லை. நிற்கிற மரத்தை அறுக்க பார் படுக்கை வாட்டமாக இருக்க வேண்டும். அதற்கென்று எஞ்சினும் பாரும் சேருகிற கழுத்தில் ஒரு பிடி உண்டு. அதைத் தளர்த்தி, பாரை மட்டும் திருப்பி, மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். தெரிந்தவனுக்கு இரண்டு நிமிஷ வேலை. ஆனால் வாங்க வந்தவன் முன்னால் அதைச் செய்து காட்டினால், "அங்ஙனெ ஒரு தொல்லையுண்டோ?" என்று மஞ்சள் பக்கம் போய்விடுவான். ஆகவே நான் காட்டுவதில்லை. வாங்கிய பிறகு காட்டிக்கொடுப்பேன்.

கோதமங்கலத்துக் காண்டிராக்டர் ஒரு கூப்பு முழுவதற்கும் மிஷின் எடுக்க வந்தது நினைவிருக்கிறதா? இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள், ஜெயித்ததை எடுக்கிறேன் என்றார். இடம் என் பொறுப்பு என்று முந்திக்கொண்டேன். காயலோரத்து மரக்கிடங்கில் ஒரு மருதுத் தடியை உருட்டிப் போடச் சொன்னேன். ஆள் அணைத்தால் கைகள் ஒன்றையொன்று தொடாத பருமன். சுமை இறக்குகிறவர்கள், படகுக்காரர்கள் என்று ஒரே கூட்டம். என் சிவப்பு முனகிக்கொண்டே மறுபக்கம் போய்விட்டது. உங்கள் மஞ்சள் முதல் சாணில் பறந்தது, நடுவில் மூன்று தடவை நின்றது. படகுக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

நீங்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காண்டிராக்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "மொதலாளி, காட்டுல மரம் நின்னுக்கிட்டு இருக்கும். இப்படிப் படுத்துக் கெடக்காது."

"தோத்தா பின்னே அங்ஙனெதானே பறையும்" என்றார் அவர். தோற்றவன் பேச்சு அப்படித்தான் இருக்குமாம்.

அன்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

பிடியைக் காட்டாததற்கு வெற்றியின் அவசரம் என்று சொல்லிப் பார்க்கலாம். லாரி நிற்கிறது, மிஷின்கள் ஏறுகின்றன, உங்கள் கடை வாசலில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறீர்கள். அப்போது அந்தப் பிடியைத் தளர்த்திப் பாரைத் திருப்பிக் காட்டினால், மருதுத் தடியை ஏன் படுக்க வைத்தேன் என்று ஊருக்கே விளங்கிவிடும். நான் காட்டவில்லை. அப்புறம் ஆள் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அனுப்பவில்லை.

இருபது நாளில் தடி ஏற்றி வந்த லாரிக்காரர் செய்தி சொன்னார். பழனி என்று ஒருவன், பொள்ளாச்சிப் பக்கத்தவன் என்றார். சரிவில் நின்ற மரத்தை அறுக்க மிஷினையே சாய்த்துப் பிடித்திருக்கிறான். பாதி மரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான், தலைக்கு மேல் பாதி அறுத்த மரம். காற்று அடித்தது. ஓடினான், ஆனால் வலது கால் மட்டும் ஓடி முடிக்கவில்லை.

அன்று மத்தியானம் நீங்கள் ரோட்டைக் கடந்து வந்தீர்கள். நாலு வருஷத்தில் முதல் தடவை என் கடைப்படி ஏறினீர்கள்.

"வே, கழுத்துல ஒரு பிடி உண்டுல்லா? அதத் திருப்பக் காட்டிக் குடுத்தீரா?"

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

"மறந்துட்டீராக்கும்" என்றீர்கள்.  பிறகு, "சட்டையப் போடும். போவோம்" என்றீர்கள்.

பஸ்ஸிலும் அப்புறம் ஜீப்பிலும் நாம் அருகருகே உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நீங்கள் என்னை ஒரு தடவைகூட வையவில்லை. வைதிருக்கலாம். மேலே கூப்பில் ஆட்களைச் சுற்றி நிறுத்தி, என் சிவப்பை மடியில் வைத்து, பிடியை எப்படித் தளர்த்துவது, எப்படி இறுக்குவது என்று காட்டிக்கொடுத்தது நீங்கள்.  காண்டிராக்டர் என் பக்கம் திரும்பி, முன்பே ஏன் சொல்லவில்லை என்று, "இது எந்தா நேரத்தே பறயாஞ்ஞது?" என்று உறுமியபோது நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள்.

"மறந்துட்டாரு மொதலாளி. ராவுத்தருக்கு வயசாவுதுல்லா. நேத்து அவரு கடையப் பூட்டாமலே வீட்டுக்குப் போயிட்டாரு."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். உங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும், என் கடையை மூடவைக்க. கூப்புக்காரர்கள் அத்தனை பேரும் மறுநாள் மஞ்சளுக்கு மாறியிருப்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். வியாபாரி என்கிற முறையில் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ரோட்டின் குறுக்கே வைதுகொண்டோம். நிமிர்ந்த எஞ்சினைப் பற்றி மட்டும் நீங்கள் ஒருநாளும் கேலி செய்ததில்லை. எறிய வேண்டிய கல்லை நீங்கள் மடியிலேயே வைத்திருந்தது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அன்றுதான் கேட்டீர்கள். குரல் பாதியாகியிருந்தது. "ராவுத்தரே, இப்பமாவது சொல்லும். தெரிஞ்சேதான மரத்தப் படுக்க வச்சீரு?"

"அத விடுங்க அண்ணாச்சி, ஒடம்பப் பாருங்க" என்றேன்.

"சரி" என்றீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாம் நாள் உங்கள் உடலை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் எனக்கு யாரையும் தெரியாது. போய் நின்று அழுவதற்கு இங்கே ஒரு இடமும் இல்லை, அந்தப் பூட்டைத் தவிர.

பழனி இப்போது காட்டுக்குப் போவதில்லை. அந்தக் காலோடு சரிவில் நிற்க முடியாது. மரக்கிடங்கில் படுத்த தடிகளை அறுக்கிறான், நீங்கள் கொடுத்த மஞ்சளை வைத்துக்கொண்டு. இன்று கயிறு இழுக்கிற ஸ்பிரிங் முறிந்துபோய் வந்தான்.

"ஏனுங்க மொதலாளி, எதிர்க்கட இருந்திருந்தா உங்களத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேனுங்க. அண்ணாச்சி இல்லாம பஜாரே செவிடாயிப் போச்சு" என்றான்.

சாயா சொன்னேன். வந்தது. அவன் இரண்டு வாய் குடித்தான். அப்போது சொன்னேன். மருதுத் தடியை ஏன் படுக்க வைத்தேன், பிடியை ஏன் காட்டவில்லை, எல்லாம்.

கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நீங்க மறந்துட்டீங்கன்னு அண்ணாச்சி சொன்னாருங்களே."

"மறக்கல பழனி. காட்டுனா காண்டிராக்டர் வாங்க மாட்டாருன்னு காட்டல."

"அவருக்குத் தெரியுங்களா?"

"மொதல் நாளே தெரியும்."

 அவன் மீதிச் சாயாவைக் குடிக்காமல் கிளாஸைப் படியில் வைத்தான். மிஷினைத் தூக்கப் போனான், என்ன நினைத்தானோ, அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான். இந்த ஊரில் அதைச் சரிபண்ண இப்போது என்னைவிட்டால் ஆள் இல்லை, அதனால் இருக்கும். வலது காலை இழுத்து இழுத்து அவன் சுங்கம் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களைப் பற்றி என்னோடு பேச இருந்த கடைசி ஆள். எடுக்க அவனே வருவானா, யாரையாவது அனுப்புவானா, தெரியவில்லை.

முதல் தடவையாக உங்கள் மஞ்சள் என் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தது. என் சிவப்பில் போடுகிற ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வளைத்தால் இதற்கும் பொருந்தும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொன்னதில்லை. மாட்டினேன். ஆயிலை ஒரு கை கூடவே ஊற்றினேன். வாசலில் வைத்து இழுத்தேன், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

பக்கவாட்டில் சாய்த்தேன். ஓடியது. அப்புறம் மெல்லத் தலைகீழாகவே திருப்பினேன். என் வயதில் செய்யக்கூடாத வேலை. எஞ்சின் நிற்கவில்லை அண்ணாச்சி, கொஞ்சமும் சுதி குறையவில்லை. சுக்கு மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் உங்கள் பூட்டைப் பார்த்து, "உங்க மிஷின் நல்ல மிஷின் அண்ணாச்சி" என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.