காவடியில் உருவிய இழைகள்

ஜூன் 11, செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் எங்கே வேலை என்று கேட்டாள். கே.ஜி.கண்டிகை பக்கம், ஃப்ளை கட்டும் கம்பெனி என்றேன். ஃப்ளை என்றால்? ஈ. "ஈயைக் கட்டுவியா?" என்று வாயைப் பிளந்தாள். ஊரில் பாதிக் கடைக்காரன் ஈ ஓட்டுகிறான், நான் ஈ கட்டிப் பிழைக்கிறேன் என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சின்னத் தூண்டில் முள்ளை வைஸ் என்ற இடுக்கியில் கவ்வ வைத்து, நூலும் சேவல் இறகும் சுற்றி, பூச்சி மாதிரி செய்கிறோம். குளிர் தேசத்து ஆறுகளில் டிரவுட், சால்மன் என்று மீன்கள் உண்டாம். நிஜப் பூச்சி என்று நம்பிக் கடிக்குமாம். எங்களில் ஒருத்தியும் அந்த மீனைக் கண்ணால் கண்டதில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஸ்காட்லாந்திலிருந்து புது மாதிரி கேட்டிருக்கிறார்கள். உடம்பு மயில்பச்சையில் மின்ன வேண்டும். வெளியூரில் எல்லாம் இதை மயிலிறகின் இழையில்தான் சுற்றுவார்களாம். ஆனால் மயிலிறகு நம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, சட்டம். அதனால் முதலாளி ராஜவேலு சார் பச்சை நைலான் நூல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். யாருடைய மாதிரி தேறுகிறதோ அவளுக்கு மாதிரி கட்டும் மேஜை. கண்ணாடி ஜன்னல் ஓரம், தனி விளக்கு.

போன தடவை ஃபர்ஹா கட்டியது தேறியது, என்னுடையது திரும்பி வந்தது. அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே நான். சிரித்துக்கொண்டே கைகுலுக்கினேன். வயிறு எரிந்தது, இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 15, சனி

நைலான் நூல் பிளாஸ்டிக் குடம் மாதிரிதான் பளபளக்கிறது. மீன் என்ன குருடா?

ஜூன் 16, ஞாயிறு

செய்துவிட்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. என் மாமனாரின் காவடி ஷெல்ஃப் மேலே வேட்டியில் சுற்றி இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத்தான் மாமா அதைப் பிரிப்பார். இரண்டு பக்கமும் கட்டு கட்டாய் மயிலிறகு. கண்ணுக்குக் கீழே இருக்கும் இழைகளில் சிலவற்றை மட்டும் உருவினேன். அத்தனை இறகில் யாருக்குத் தெரியப்போகிறது?

குளித்துவிட்டுத்தான் தொட்டேன். திருடப் போகிறவள் குளித்துவிட்டுப் போனாளாம்.

ஜூன் 20, வியாழன்

சூப்பர்வைசர் சாயிரா அக்கா என் மாதிரியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுரு இருக்குது அனு இதுல. எப்படிம்மா கட்டின?" பச்சை நூலையும் கருப்பையும் முறுக்கி, பிரஷ்ஷால் சீவினேன் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! "நீ சொன்னா சரி" என்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். அந்த "நீ சொன்னா சரி" காதிலேயே இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

தேறிவிட்டது. எல்லாருக்கும் ஜாங்கிரி. ராஜவேலு சார் என் பெயரைச் சொன்னபோது காது சூடாகிவிட்டது. ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று அளவிலும் ஒவ்வொரு டஜன் அனுப்பச் சொல்கிறார்களாம், அச்சாக இதே மாதிரி.

அச்சாக இதே மாதிரி. அதற்கு எங்கே போவேன்?

ஜூலை 7, ஞாயிறு

எங்கே போவேன் என்று எழுதியதே நாடகம். எங்கே போவேன் என்று அன்றைக்கே தெரியும்.

இந்தத் தடவை சில இழையோடு நிற்கவில்லை. ஒரு பக்கத்துக் கட்டு முழுக்கக் கண் மட்டும் நிற்கிறது, கீழே வெறும் ஈர்க்கு. அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

ஜூலை 10, புதன்

ஃபர்ஹா டீ நேரத்தில் வந்தாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே முறுக்கறேன், சீவறேன், வரவே மாட்டேங்குது. எங்கைல தான் ஏதோ கோளாறு." பழகினால் வரும் என்றேன். அவள் விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த கீறல். சீ, நானும் ஒரு மனுஷியா?

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மாமா மாலை போட்டுக்கொண்டார். வீட்டில் இனி கிருத்திகை வரை கவிச்சி கிடையாது. அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காவடியை இறக்கினார்.

வேட்டியை மடித்து வைத்துவிட்டு, அந்த ஈர்க்குகளைத் தடவிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர், "பூச்சி அரிச்சிருக்கும் நைனா, புதுசா வாங்கிக் கட்டிக்கலாம்" என்றார்.

"பூச்சி அரிச்சா தூள் கொட்டும்டா. இதுல ஒரு தூள் இல்ல."

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்டுபிடித்திருந்தால் தேவலாம். அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: மாலை போட்ட மறுநாள் கண்டிகை டீக்கடையில் உருளைக்கிழங்கு போண்டா என்று கடித்தாராம். உள்ளே முட்டை. "துப்பியிருக்கணும். நாலு பேரு பார்த்துகினு இருந்தாங்க, வெக்கப்பட்டுகினு முழுங்கிட்டேன். அதான். சாமி வாணான்னு சொல்லிட்டாரு."

என் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். மாமா சிரிக்கவில்லை. இந்த வருஷம் காவடி எடுக்கப் போவதில்லை என்றார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் போண்டாவுக்கு அந்த மனுஷன் எங்கள் முன்னால் கூனிக் குறுகுகிறார். நானோ, காபி போடட்டுமா மாமா என்று கேட்டேன். காபி!

ஜூலை 23, செவ்வாய்

இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

சொன்னால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் கத்துவார். கம்பெனியில் மாதிரி மேஜை போகும், வேலையே போனாலும் போகும். இவ்வளவுதானே. அவருக்கோ சாமியே போய்விட்டது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பாதி தட்டில் அப்படியே இருக்கிறது. வாசலில் காவடிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

எதற்கெடுத்தாலும் வாய் கிழியப் பேசுவாளே அனுராதா, இப்போது எங்கே போனது அந்த வாய்?

ஜூலை 26, வெள்ளி

காலையில் மாமா காவடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தோளில் வைக்கவில்லை, கையில் பிடித்திருந்தார். எங்கே என்று கேட்டேன். கோயில் மலைமேல் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, மாலையையும் கழற்றிவிட்டு வருகிறேன் என்றார்.

கேட்டை மறித்து நின்றுவிட்டேன்.

"மாமா, போண்டா இல்ல மாமா. நாந்தான். நாந்தான் உருவினேன்."

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன் — கம்பெனிக்கு, மாதிரி கட்ட, ஒவ்வொன்றாய், இரண்டு தடவை. என்ன பேசினேன் என்றே நினைவில்லை, அழுதுகொண்டே உளறியிருப்பேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். இதுவரை ஒரு வார்த்தை அதட்டாத மனுஷன்.

காவடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ சாமிக்கு எம்மேல கோவம் இல்லியா?"

"இல்ல மாமா."

"மெய்யாலுமா?"

"ஆங், மெய்யாலும்."

படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். சந்தோஷத்தில் என்னைத் திட்டவே மறந்துவிட்டார். நான்கு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது?

சாயங்காலம்தான் அதைப் பற்றிப் பேசினார். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். சாமி பொருளு. ஆனா நீ கேட்டிருக்கணும்." பிறகு, "உம் புருசன்கிட்ட சொல்லாத. கத்துவான்."

ஜூலை 27, சனி

சாயிரா அக்காவிடமும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. பார்சல் இன்னும் கூரியருக்குப் போகவில்லை, ஓடிப்போய் அலமாரியிலிருந்து எடுத்தார். "இது போய் எங்கியாவது மாட்டியிருந்தா கம்பெனியையே மூடியிருப்பாங்க அனு. இத்தினி பேர் சோறு."

ராஜவேலு சார் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. திங்கள் கிருத்திகை லீவு முடிந்து வந்ததும் புதுப் பெண்களோடு சாதா ஃப்ளை மேஜையில் உட்காரச் சொன்னார். ஸ்காட்லாந்துக்கு உண்மையை எழுதி, ஃபர்ஹாவின் நைலான் மாதிரியை அனுப்புவார்களாம்.

ஃபர்ஹாவிடம் நானே போய்ச் சொன்னேன். "அப்போ எங்கை நல்லாத்தான் இருக்குதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதும் நியாயம்தான்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. ஆர்.கே.பேட்டையிலிருந்து என் நாத்தனார் தேவகி அண்ணி குடும்பத்தோடு வந்துவிட்டார். மாமா விடியற்காலையிலேயே குளித்து, காவடிக்குப் பூச்சரம் சுற்றி வைத்திருந்தார். எவ்வளவு சுற்றினாலும் அந்த ஒரு பக்கம் மறையவில்லை. ரோஜாவுக்கும் சாமந்திக்கும் நடுவே ஈர்க்குகள் நீட்டிக்கொண்டு நின்றன.

படிக்கட்டு அடிவாரத்தில் நல்ல கூட்டம். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது அண்ணி பார்த்துவிட்டார். "இன்னா நைனா இது? மயிலுக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்குது."

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார், "எலிம்மா. எலி கடிச்சிடுச்சி."

மாலை போட்டவர், மலை அடிவாரத்தில், தோளில் காவடியோடு.

அண்ணி கிட்டே வந்து பார்த்தார். "கண்ணை மட்டும் வுட்டுட்டு கீழ இருக்கறத மட்டும் அழகா கடிச்சிருக்குதே! படிச்ச எலி போல."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், என் பக்கம் திரும்பாமல். பிறகு அரோகரா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு முதல் படியில் காலை வைத்தார்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றிருந்தால் அவர் சொன்ன பொய் வீணாகியிருக்கும்.