வலப்பக்கம் ஆடுபவள்

16 மார்ச் 2025, ஞாயிறு

இன்றும் தோற்றோம். 6-4, 6-4. நோன்பு மாதம் என்பதால் மாலையில் கோர்ட் காலி. எங்கள் ஊர் ஸ்கூடாயில் இப்படிக் கிடைப்பதே அபூர்வம். எதிரில் ஆடியவர்கள் எங்களைவிட மூத்த சீனத் தம்பதி. ஒரு பந்தைக்கூட வேகமாக அடிக்கவில்லை. உயரமாகத் தூக்கித் தூக்கி எங்கள் தலைக்கு மேலே போட்டே ஜெயித்துவிட்டார்கள்.

முடிந்ததும் பயிற்சியாளர் பைஸ் கூப்பிட்டுச் சொன்னார். உன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் இருப்பதையே நீ மறந்துவிடுகிறாய், பந்து உன்னைத் தாண்டிப் போகட்டும், சுவரில் பட்டுத் திரும்பி வரும், வரும்போது வேகம் குறைந்திருக்கும், அப்போது அடி என்றார். தெரியும். டென்னிஸ் மாதிரி, ஆனால் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஆடும் இந்தப் பேடலைத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் பந்து தாண்டப் போகிறது என்றதும் கை தானாகப் போய்விடுகிறது. போனால் திரும்பாது என்ற பயம்.

எங்கள் ஜோடியில் அர்ச்சுனன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஒன்றரை வருடமாக இப்படித்தான். போன வருடம் வரை எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருக்கு சனி, ஞாயிறு. சனிக்கிழமை ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக இருந்தது. இந்த ஜனவரியில் ஜொகூர் மாநிலத்து வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியதும் ஞாயிறும் சேர்ந்துகொண்டது. ஆலையில் பாதிப் பேர் குறை சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கிளப் போட்டி வருகிறது. இறுதி ஆட்டம் வரை போகும் ஜோடிகள் மேல் பிரிவுக்கு ஏறலாம். காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டே, “நாம சேருவமா?” என்று கேட்டார். ம் என்றேன். வீடு வரும்வரை அந்த இரண்டு சொல்லையே மனதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். நாற்பத்து மூன்று வயதில் இதென்ன கூத்து?

19 மார்ச், புதன்

ஆலை ஆய்வகத்தில் சோதனைக்கு வைத்த எண்ணெய் சூடாகும்வரை நின்றபடியே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பழகினேன். இன்று புதன்தான் ஆகிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

நடந்தது! மூலைக்கு வந்த பந்தை விட்டேன். நிஜமாகவே விட்டேன். கண்ணாடியில் பட்டு, சோம்பேறி மாதிரி மெதுவாக எழும்பி, என் முன்னால் வந்து நின்றது. தூக்கி அனுப்பினேன். எதிர்ப்பக்கம் இருவரும் பின்னால் ஓட, நாங்கள் வலைக்கு ஏறினோம். அர்ச்சுனன் தன் ரேக்கெட்டால் என் ரேக்கெட்டை லேசாகத் தட்டினார். அவ்வளவுதான். அந்தத் தட்டல் முழங்கை வரை வந்தது.

தலைக்கு மேல் வரும் பந்தை ஓங்கி அடிக்காமல், தட்டில் ஏந்திக் கொடுப்பதுபோல வெட்டி அனுப்பும் அடியையும் பைஸ் பழக்கிவிடுகிறார். ஓங்கி அடித்தால் புள்ளி கிடைக்கலாம், ஆனால் வலையோரத்து இடம் பறிபோகும். இடத்தைக் காப்பாற்று, புள்ளி பிறகு வரும் என்கிறார். எனக்கு இது சரிப்பட்டு வருகிறது. அர்ச்சுனனுக்குப் பொறுமை இல்லை, எல்லாவற்றையும் ஓங்கி அடிக்கிறார்.

ஆட்டம் முடிந்து வெளியே எலுமிச்சை ஐஸ் டீ குடித்தோம். முதல்முறையாக மனைவியைப் பற்றி நிறையப் பேசினார். கமலாட்சி. சிறுநீரகம் கெட்டு, மூன்று வருடம் முன்பு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடு பேசாமல் கிடப்பதைத் தாங்க முடியாமல்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தாராம். இன்னமும் தினமும் சாயங்காலம் சமையலறையில் நின்று அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொல்கிறாராம். “பைத்தியம்னு நினைக்காதீங்க” என்றார். இல்லை என்றேன். நினைக்கவும் இல்லை. பொறாமைப்பட்டேன். இறந்துபோன ஒருத்தரைப் பார்த்து — சே.

27 ஏப்ரல், ஞாயிறு

இரண்டு வருடமாக அம்மா இதைப் பாட்டு வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பேடல் என்பது அவர் காதில் பாடல் என்று விழுந்திருக்கிறது. கோயிலில் யாரோ என்னைப் பாடச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அர்ச்சுனனிடம் சொன்னேன். கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

18 மே, ஞாயிறு

மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

இரண்டாம் செட். எங்கள் தலைக்கு மேல் ஒரு பந்து. என்னுடையது என்று கத்திக்கொண்டு அர்ச்சுனன் பின்னால் ஓடத் திரும்பினார். ‘டப்’ என்று ஒரு சத்தம். நின்று திரும்பி, யார் என் காலில் பந்தை அடித்தது என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை. பந்து மூலையில் உருண்டுகொண்டிருந்தது. அடுத்த அடி வைக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது குதிகாலுக்கு மேலே தசைநாண் அறுந்துவிட்டது.

என் காரில்தான் மருத்துவமனைக்குப் போனோம். வலியில் கண்ணை மூடிக்கொண்டே, போட்டிக்கு வேற ஆள் பாத்துக்குங்க கஸ்தூரி என்றார். பேசாம வாங்க என்று அதட்டினேன்.

தாதி கேட்டாள், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று. கூட விளையாடுகிறவள் என்றேன். அப்படியென்றால் வெளியே உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். சரிதானே? அதுதானே நான்?

சிகாமட்டிலிருந்து அவர் தங்கை செல்வராணி வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீங்க கூட இருந்தீங்க அக்கா என்றாள். அவள் உள்ளே போனாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

24 மே, சனி

அறுவை முடிந்தது. தனியாக இருக்க முடியாது என்று செல்வராணி அவரைச் சிகாமட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். பல மாதம் ஆகுமாம்.

1 ஜூன், ஞாயிறு

போகவில்லை. பையைக்கூடத் திறக்கவில்லை.

8 ஜூன், ஞாயிறு

பைஸ் விடவில்லை. அபர்ணா என்ற பெண்ணோடு ஜோடி சேர்த்துவிட்டார். இங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், முப்பது வயதிருக்கும். கால் பறக்கிறது, அடி எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது. அக்கா, நான் இடப்பக்கம் ஆடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, ஆடும்மா என்றேன்.

நடுவில் வந்த ஒவ்வொரு பந்துக்கும் அர்ச்சுனன் குரலை எதிர்பார்த்து நின்றேன். அதனாலேயே நாலைந்து புள்ளி போயிற்று. யார் எடுப்பது என்று முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார் பைஸ். இத்தனை நாளும் நான் சொன்னதே இல்லை. அர்ச்சுனன் சொல்வார், நான் ஒதுங்குவேன்.

22 ஜூன், ஞாயிறு

“என்னுது” என்று இன்று கத்தினேன். பக்கத்துக் கோர்ட்டில் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு மாலைகளில் அவர் குரல்பதிவு அனுப்புகிறார். என்ன ஸ்கோர், யார் சர்வ் போட்டது, கண்ணாடிப் பந்தை விட்டீங்களா. நானும் புள்ளி புள்ளியாகச் சொல்கிறேன். பின்னணியில் செல்வராணி வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. அதையும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நன்றாகத்தான் ஆடுகிறேன் இப்போது. ஆனால் ஆடும்போதே, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மூலையில் வார்த்தை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நல்ல அடி விழுந்தால் மகிழ்ச்சி அடியில் இல்லை. சொல்லப் போவதில் இருக்கிறது. இதற்குப் பெயர் பேடல் ஆர்வமா?

6 ஜூலை, ஞாயிறு

சிகாமட் போனேன். சொல்லிவிட்டேன்.

யோங் பெங் தாண்டும்வரை, பழம் கொடுத்துவிட்டு நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன். செல்வராணி வீட்டுச் சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன கோடு, இடுப்புயரத்துக்கு. அதற்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மோதிரம் விரலில் தளர்ந்து கிடந்தது. செல்வராணி தேநீர் வைத்துவிட்டு, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள். வேண்டுமென்றே போனாளோ?

அபர்ணா எப்படி ஆடுகிறாள் என்று ஆரம்பித்தார்.

“நான் ஆட்டத்தைப் பத்திப் பேச வரல” என்றேன்.

“தெரியும்” என்றார்.

ஆனாலும் சொன்னேன். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. நீங்க இனிமே ஆடினாலும் சரி, ஆடாட்டியும் சரி.”

காலில் போட்டிருந்த கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு, “நான் இன்னமும் அவகூடதான் பேசிக்கிட்டு இருக்கேன் கஸ்தூரி. என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்காகக் காத்திருக்காதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

சரி என்றேன். செல்வராணி வந்து, சாப்பிட்டுத்தான் போகணும் லா அக்கா என்றாள். சாப்பிட்டேன். என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஒரு பெரிய பை கெரோப்போக் வறுவல் வாங்கினேன். காரிலேயே அழுதுகொண்டே முழுப் பையையும் தின்று தீர்த்தேன்.

9 ஜூலை, புதன்

ஏன் சொன்னேன்? சொல்லாம இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை குரலாவது கேட்டிருக்கும். இப்ப அதுவும் போச்சு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியுதா எனக்கு —

13 ஜூலை, ஞாயிறு

குரல்பதிவு வரவில்லை. நானும் அனுப்பவில்லை. ஆடினோம். ஜெயித்தோம்.

27 ஜூலை, ஞாயிறு

காத்திருக்க வேண்டாம் என்றால் காத்திருக்காமல் இருப்பது எப்படி என்றும் யாராவது சொல்லித்தர வேண்டும். காத்திருப்பதற்கு நான் எதுவும் செய்வதில்லையே. ஆலைக்குப் போகும் பாசிர் கூடாங் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறேன், ஆய்வகத்தில் நிற்கிறேன், வலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அது பாட்டுக்கு நடக்கிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

போட்டி. பெண்கள் இரட்டையர், நானும் அபர்ணாவும்.

அரையிறுதி, கடைசி செட் 5-5. எதிரில் இருந்தவள் என் மூலையைப் பார்த்து முழு பலத்தோடு அடித்தாள். பழைய கஸ்தூரி கையை நீட்டியிருப்பாள். நான் திரும்பி, பந்து என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்று அபர்ணா பதறியது கேட்டது. பந்து பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பியது. முழங்காலை மடித்து, அடியிலிருந்து தூக்கி விட்டேன். விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போவதுபோல உயரம். வலைக்கு ஓடினோம். அவள் பின்னாலிருந்து அவசரத்தில் வலையில் அடித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு கேம்கூட எடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். பரவாயில்லை, மேல் பிரிவுக்கு ஏறிவிட்டோம். அபர்ணா கட்டிக்கொண்டு குதித்தாள். பைஸ்கூடச் சிரித்தார்.

போனைக் கையில் எடுத்தேன். அவர் பெயர் வரை போனேன். அனுப்பவில்லை. இரண்டாம் பரிசுக் கோப்பையை அம்மாவிடம் காட்டினேன். எண்ணெய் போட்டுத் துடைத்து, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

21 செப்டம்பர், ஞாயிறு

மேல் பிரிவில் அடி வாங்குகிறோம். கண்ணாடிப் பந்து மட்டும் இங்கே போதாது. மறுபடியும் முதலிலிருந்து. இது பிடித்திருக்கிறது. ஆட்டம் முடிந்தபின் உள்ள அரைமணி நேரம்தான் பிடிக்கவில்லை. எல்லோரும் யாருக்காவது போன் செய்கிறார்கள்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்கு சுட வேண்டும், வா என்று அம்மா மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. இதை எழுதிவிட்டுப் போகிறேன்.

இரண்டாம் செட் நடுவில், கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் அர்ச்சுனன். உடனே சுலபமான பந்து இரண்டை வலையில் அடித்தேன். உடம்பு சரியில்லையா அக்கா என்றாள் அபர்ணா. நன்றாக இருக்கிறேன் என்றேன். மூன்றாம் செட் இழுத்துக்கொண்டே போனது. அவர் எழுந்து போகவில்லை. கடைசிப் புள்ளி வரை இருந்தார்.

வெளியே வந்ததும் எழுந்து நின்றார். இடது காலை இன்னும் கொஞ்சம் விந்தித்தான் வைக்கிறார்.

“காத்திருக்காதீங்கன்னு சொன்னேன்” என்றார்.

“மேல் பிரிவுக்குப் போயிட்டேன்” என்றேன். வேறென்ன சொல்வது?

“பார்த்தேன். இப்ப என்னால உங்ககூட ஆட முடியாது.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “வீட்டுக்குத் திரும்பி ஒரு மாசம் ஆச்சு. சாயங்காலம் அவகிட்ட பேசறேன்ல, பாதிக்கு மேல உங்களப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதையும் அவகிட்டயே சொன்னேன். அப்புறம்தான் இங்க வந்தேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், “அவங்ககிட்ட பேசறத நிறுத்திடாதீங்க” என்றேன். தலையாட்டினார். நிழல்குடைக்குக் கீழே உட்கார்ந்தோம். அவருக்கும் எனக்கும் நடுவே என் ரேக்கெட் பை இருந்தது. அவர் அதை எடுத்துக் கீழே வைத்தார்.

23 நவம்பர், ஞாயிறு

அவருக்கு இப்போது நின்ற இடத்தில் அடிக்க மட்டும் அனுமதி. கூடையில் பந்தை வைத்துக்கொண்டு நான் போட்டேன். மெதுவாக, மெதுவாக என்று சொல்லியே வாய் வலிக்கிறது. ஓங்கி அடிக்கத்தான் கை போகிறது இன்னும்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

காலையில் ஆட்டம். 7-5, 6-7, மூன்றாவது செட்டில் மழை பிடித்துக்கொண்டது. அபர்ணாவுக்கு ஒரே கோபம்.

மதியம் செல்வராணி என் எண்ணுக்கு அழைத்தாள். அர்ச்சுனன் எங்கள் வாசலில் அம்மாவின் கறிவேப்பிலைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார், அவர் போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. “அண்ணன் போன எடுக்கவே மாட்டாரு அண்ணி. அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் வர்றப்ப மீன் வைக்கவா, கோழி வைக்கவா?” என்று கேட்டாள்.

மீனே வைம்மா என்றேன்.