தவளையும் தையலும்

வருங்கால டாக்டர் அண்ணனுக்கு,

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேல்வகுப்பில் தையலா, விஞ்ஞானமா என்று மாதக் கடைசிக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானம் எடுக்காவிட்டால் உங்கள் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரி என்னை வாசலிலேயே நிறுத்திவிடும். தையலுக்குத் தையலே போதும் என்பது அப்பாவின் கட்சி.

முதலில் அம்மாவைப் பழக்கலாம் என்று, கால்வாய் ஓரம் செத்துக் கிடந்த தவளையை அறுத்துத் தூக்குச்சட்டியில் வைத்து, “கறி இருக்கும்மா” என்று நீட்டினேன். திறந்தாள். அந்த அலறல் பிறை ஊர் வரை கேட்டிருக்கும்.

“இதையா படிக்கப் போற? செத்ததத் தொட்டுட்டு வந்தா தலையோட தண்ணி ஊத்திட்டுத்தான் படியேறணும். தெனமும் ஈரத் தலையோட நின்னு சளி புடிச்சா என்கிட்ட வராத.”

தினமும் என்றாள், கவனித்தீர்களா? அம்மா சம்மதித்துவிட்டாள்.

அப்பாதான், “ஒங்கண்ணன் எப்படிப் படிக்கிறான்னு பார்ப்போம்லா” என்கிறார். பிணம் அறுக்கும் அறையில் நீங்கள் மயங்கி விழுந்ததையும், அடுத்த கப்பலில் திரும்ப நினைப்பதையும் எனக்கு எழுதினீர்களே, அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கப்பல் ஏறாதீர்கள், அண்ணே. நீங்கள் வந்து இறங்கினால், நம் குடும்பத்துக்கு மருத்துவம் ஒத்துவராது என்று அப்பா முடிவுகட்டிவிடுவார். பிறகு எனக்கு ஊசியும் நூலும்தான்.

இன்னொரு முறை அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள். தவளையின் முதல் காலை அறுத்தபோது எனக்கும் கை நடுங்கியது. இரண்டாவது காலுக்கு நடுங்கவில்லை.

மயக்கம் வந்தால் அங்கேயே விழுங்கள். இங்கே வந்து விழாதீர்கள்.

தங்களை விடாத,
அருமைத் தொல்லை