நீங்கள் திருத்திய கட்டுரையை நான் அனுப்பவில்லை

என்னங்க,

கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்க நான் எழுதிய கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருந்தீர்கள், கிடைத்தது. ஆபீசில் இருபது வருஷம் மனு எழுதிய கை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. "அடுப்படியில நின்னுக்கிட்டேதான் படிச்சேன்" என்று நான் எழுதியதை, "இல்லறக் கடமைகளுக்கிடையே யான் கல்வி பயின்றேன்" என்று மாற்றியிருக்கிறீர்கள். மகள் வாசித்துவிட்டு, "ஏம்மா, இது காலேஜுக்கா கோர்ட்டுக்கா?" என்று கேட்டாள்.

பேசுகிற மாதிரி எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். கடவுளிடம் தினமும் நான் இப்படித்தான் பேசுகிறேன். திருத்தி எடுத்துக்கொண்டு வா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பேராசிரியர்கள் அவரைவிடப் பெரியவர்களா?

என்னுடையதையே அனுப்பிவிட்டேன். தேதியும் ரசீது எண்ணும் கணக்கு நோட்டில் இருக்கின்றன.

நடையை மட்டும் மாற்றியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். கடைசியில், "என் கணவரின் பேராதரவுடன்" என்று நீங்களாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே! "இந்த வயசுல உனக்கு எதுக்குடி காலேஜு?" என்று போனில் கத்தியது யார்? கும்பிடுகிற கையால் அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் லீவு போட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உங்களைக் காட்டுவேன். வராவிட்டால், "அவருக்குப் பிடிக்கலைங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி