நாற்பது ஜோடிச் சொல்லும் பம்ப் ஹவுஸ் பசையும்

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மேலதிகாரி வயர்லெஸில் "பிரேக், பிரேக்" என்று கத்தினார், நிறுத்தச் சொன்னாராம், திருகாணி என்று நாங்கள் கூப்பிடும் என் ஜூனியர் உடைக்கச் சொல்கிறார் என்று சுத்தியலை எடுத்து மீட்டரை உடைத்துவிட்டான். உடனே சுற்றறிக்கை: ஒரே மாதிரி ஒலிக்கும் நாற்பது ஜோடி இங்கிலீஷ் சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் பாஸானவன்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ். பதினெட்டு வருடம் பம்ப் ஹவுஸ் மோட்டாரோடு மாரடித்தவன் நான், தோற்றால் திருகாணிக்குக் கீழே நிற்க வேண்டும்.

எனக்கு மனப்பாடம் வராது, அதனால் அர்த்தங்களை அட்டையில் எழுதி, பம்ப் ஹவுஸில் குழாய் ஒட்டும் பசையைப் போட்டு வீடு முழுக்க ஒட்டினேன். வெயிட் என்றால் எடை, அது அரிசி மூட்டையில். வெயிட் என்றால் காத்திரு, அது குளியலறைக் கதவில். டியர் என்றால் மான், நம்மிடம் மான் இல்லை, பக்கத்து வீட்டு நாயின் கூண்டில் ஒட்டினேன். இன்னொரு டியர் அன்புள்ள, அதைப் பரீட்சை அன்று காலையில் அம்மாவின் நாற்காலி முதுகில் ஒட்டினேன். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் சொல்றீங்க, அதுவும் பசை போட்டு" என்று சொல்லி டீ கொடுத்தாள். அந்த நாற்காலியிலேயே சாய்ந்து குடித்தேன். காய மூன்று மணி நேரம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, நான் படிக்கவில்லை.

பரீட்சையில் பின்னால் இருந்த திருகாணி எழுந்து, "சார், அண்ணன் முதுகுல விடை ஒட்டியிருக்கு" என்றான், அதைப் பார்த்து எழுதி முடித்த பிறகு. என் முதுகு எனக்கு எப்படித் தெரியும் என்று கோணம் வரைந்து காட்டினேன், மேலதிகாரி கேட்கவில்லை. அட்டையைப் பிடித்து இழுத்தார், சட்டை கிழிந்தது, அட்டை அசையவில்லை. பசையில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மாதான், "எனக்குன்னு ஒட்டினதையும் டூட்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களே" என்று அந்தத் துண்டைக் கத்தரித்து நாற்காலியிலேயே ஊக்குக் குத்தி வைத்துக்கொண்டாள்.

நேற்று மறுபரீட்சை. நீ விட்டுப்போன நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், மூச்சு விட இடமில்லை. எனக்கு நாற்பதும் சரி. திருகாணிக்கு ஒன்று, அன்புள்ள.

எந்த டப்பாவானாலும் படித்துவிட்டுத் திற. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போடு. குறை ஒன்றும் இல்லாமல் நன்றாக இரு. சன் என்றால் மகன் என்று உன் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். அது இனிமேல் வராது, நீதான் வர வேண்டும்.

உன் அப்பா,
ஷிஃப்ட் இன்சார்ஜ்