செவ்வாய் வெள்ளி ஜீப்

ஆகஸ்ட் 12, 2025

இன்று செவ்வாய். தம்பி ஆரிப் விடியும் முன்பே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தலைச்சோலையில் கண்ணாயி அக்கா, கொட்டச்சேட்டில் சென்னம்மாள், இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஆனால் மலை இறங்கி ஏறுவதை யார் பார்த்துக்கொள்வது? எங்களைப் பெற்ற அத்தாவும் இதே நோய்க்குப் பஸ்ஸில்தான் போய் வந்தார். திரும்பும்போது வளைவுக்கு வளைவு வாந்தி. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். அவர் காலமான பிறகுதான் ஆரிப் ஜீப்பை இதற்கென்று விட்டான். அவனும் எத்தனை நாள் கைக்காசில் டீசல் போடுவான்? டயர் வழுக்கையாகிவிட்டது.

ஒண்டிக்கடை சந்திப்பில் எங்கள் மருந்துக்கடைக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் விஜயகுமார் ஒரு விளம்பரம் காட்டினார். பெங்களூரில் ஏதோ அறக்கட்டளையாம். நோயாளிகளுக்கு உதவும் புதுமையான திட்டங்களுக்கு நிதி தருகிறார்கள். "போட்டுப் பாக்கலாங்க தஸ்லீமாக்கா, என்ன கெட்டுப்போச்சு" என்றார்.

ஆகஸ்ட் 20

உங்கள் திட்டத்தில் புதுமை என்ன? - இந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

என்னத்தைச் சொல்வது? ஜீப் வரும், ஏறுவார்கள், யாருக்காவது மயக்கம் வந்தால் ஆரிப் ஓரங்கட்டுவான். விஜயகுமார் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒரு ஆப் இருக்குன்னு போட்டுருவமுங்களா? இப்பெல்லாம் ஆப் இல்லாட்டி திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க" என்றார். தலைச்சோலையில் போனே ஒழுங்காக எடுக்காது, ஆப்பாம். ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம். எனக்கும்தான். கடைசியில் அவரே ஆங்கிலத்தில் அழகாக என்னவோ எழுதி அனுப்பினார். படித்துக் காட்டியபோது வேறு யாரோ வேறு ஊரில் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

செப்டம்பர் 9

முதல் சுற்றில் தேறிவிட்டோமாம். ஆட்கள் நேரில் வந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். ஆரிப் இப்போதே டயர் விலை விசாரிக்கிறான், பைத்தியம். நானும் இரண்டு தரம் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18

வந்தார்கள். வனிதா என்று ஒரு பெண், நல்ல மாதிரி. கூட ஒரு பெரியவர். முதலில் கண்ணாயி அக்கா வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். முந்தாநாள் டயாலிசிஸ் முடிந்து வந்தபோது அக்காவால் ஜீப்பிலிருந்து இறங்க முடியவில்லை, ஆரிப்தான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டான். இன்றைக்குப் பார்த்தால் நல்ல சேலை, தலையில் பூ, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட நாற்காலிகள்.

"ஆஸ்பத்திரி போய்வர என்ன சிரமம் இருக்கும்மா?" என்று வனிதா கேட்டார்.

"ஒரு செரமமும் இல்லீங்க. பஸ்ஸு இருக்குதுங்க, ஜீப்பு இருக்குதுங்க. போறோம், வாறோம். நீங்க மொதல்ல காப்பி குடிங்க கண்ணு."

"ஜீப் நின்னுபோனா?"

"பாத்துக்குவோமுங்க. மலையில நடந்து பழகின காலுங்க."

"உள்ளதைச் சொல்லுங்கக்கா" என்றேன். பெரியவர் கையைக் காட்டி, "நீங்க சொல்லாதீங்க மேடம், அவங்களே பேசட்டும்" என்றார். அவர்களே பேசினார்கள். சாமை விளைச்சல், கொய்யா, மழை. அக்காவின் வீட்டுக்காரர் சின்னண்ணன் ஒரு பை கொய்யா கட்டிக் கொடுத்தார். "நீங்களும் குடிங்கம்மா" என்று வனிதா சொன்னதற்கு "இப்பத்தான் குடிச்சனுங்க" என்றார் அக்கா. எங்கே குடித்தார்? தண்ணீரையே அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு விடாமல் மேடேறி வந்து அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பினார். கார் திரும்பியதும் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 14

இல்லை என்று பதில் வந்துவிட்டது. "பயனாளிகளிடம் அவசரத் தேவை காணப்படவில்லை."

அக்டோபர் 15

நேரே தலைச்சோலைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஏங்க்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நாலு பேர் உசுருங்க்கா அது! - இப்படித்தான் கத்தினேன்.

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னார். "நம்ம ஊடு தேடி முன்னப்பின்ன தெரியாதவங்க வந்திருக்காங்க. வந்தவங்ககிட்ட நோவு, நொடின்னு ஒப்பாரி வெச்சா அவங்க மனசார ஒரு வாய் காப்பி குடிப்பாங்களா? எங்கள்ல அப்படிச் சொல்ற வழக்கமில்லீங்க அம்மணி." விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நான் அழுதிருக்கோணுங்களா?" என்றார்.

ஆமாம், அழுதிருக்கத்தான் வேண்டும். அதை எந்த வாயால் சொல்வது? நான் போனபோதும் காப்பி போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அக்டோபர் 24

வனிதாவிடம் போனில் கெஞ்சினேன். "அவங்க படற கஷ்டம் தெரியற மாதிரி ஒரு வீடியோ இருந்தா மேல பேசிப் பாக்கறேங்க்கா" என்றார். இன்று ஜீப்பில் நானும் போனேன். திரும்பி வரும்போது பாதி மலையில் அக்கா ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார். வாயைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்து, முடியை ஒதுக்கி, என் போனைப் பார்த்துச் சிரித்தார்.

போட்டோ எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. நல்ல போட்டோ அது. அதை வைத்து என்ன செய்ய?

நவம்பர் 11

அறக்கட்டளையிலிருந்து கடைசிப் பதில்: "அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்."

ஜீப்பும் நின்றுவிட்டது. வண்டி ஓடத் தகுதி என்று தரும் எஃப்.சி. சான்றுக்கு இது தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஆரிப் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். என்ன சொல்லித் தேற்ற? மற்ற மூன்று பேருக்கும் சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, போய்ச் சமாளித்துக்கொள்வார்கள். கண்ணாயி அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 25

போன வெள்ளி பஸ்ஸில் போனாராம். இன்று போகவில்லை. முகம் உப்பியிருக்கிறது என்று சின்னண்ணன் கடைக்கு வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் சாதிக் ஆளனுப்பி வாடகைக் கார் பிடித்து அனுப்பினார். அவர் கெட்டிக்காரர், கேள்வி கேட்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் காருக்கு எங்கே போவது?

டிசம்பர் 3

மூச்சுத்திணறி அக்காவை அட்மிட் செய்திருக்கிறார்கள். யா அல்லா.

டிசம்பர் 14

பிழைத்துக்கொண்டார். ஒரு தவணைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாராம். சின்னண்ணன் முடிவெடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை, தங்க அறை உண்டு. காய்கறி வண்டியில் பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றி இன்று சேலத்துக்கு இறங்கினார்கள். தோட்டத்தில் காப்பி பழுத்து நிற்கிறது. பறித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரிடமோ விட்டிருக்கிறாராம். ஆரிப் கூடவே போய் இறக்கி வைத்துவிட்டு வந்தான். "இனி அவங்களுக்கு ஜீப்பே வேண்டாங்க்கா, நடந்தே போயிக்கலாம்" என்றான். நல்லதுதான். நல்லதுதானே?

ஜனவரி 7, 2026

கடைக்கு மருந்து எடுக்கச் சேலம் போனவள் அவர்களைப் பார்க்கப் போனேன். கேட்டில் நீலச்சட்டை போட்டுக்கொண்டு சின்னண்ணன். முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஏனுங்க, எந்த ஊட்டுக்குப் போகோணுங்க?" என்று என்னையே கேட்டார். அப்புறம் தெரிந்துகொண்டு, "அட, நம்ம அம்மணி" என்று கூச்சப்பட்டார்.

படிக்குக் கீழே ஒற்றை அறை. அக்கா தெளிவாக இருக்கிறார், முகத்து வீக்கம் வடிந்துவிட்டது. இங்கே வந்து ஒருக்காக்கூடத் தவறவில்லையாம். சந்தோஷமாக இருந்தது. அந்த அறையில் கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

கிளம்பும்போது சின்னண்ணன் கேட் வரை வந்தார். "நம்ம தோட்டத்துல காப்பி எடுத்துட்டாங்களா அம்மணி? அந்தப் பக்கம் போனீங்களா?" என்றார்.

போன வாரம்தான் போனேன். யாரும் வரவில்லை. பழமெல்லாம் செடியிலேயே கருகி, பாதி கீழே கொட்டிக் கிடந்தது.

"எடுத்துட்டாங்கண்ணா. நல்ல காய்ப்பாம்" என்றேன்.